சவலைப் பிள்ளை

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும் என்ற உலக நியாயத்தைச் சொல்வதற்காக அதை மேடைகளிலும் சங்கக் கூட்டங்களிலும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பெரியவர்கள் விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் அது பாதி உண்மைதான். ஒரு வேளை பசித்த பிள்ளை அழும். மாதக் கணக்கில் அரைவயிறாகக் கிடந்த பிள்ளை அழாது. அதற்கு அழுவதற்கும் தெம்பு இருக்காது. யார் மடியிலாவது சுருண்டு கிடக்கும். அடுத்த வீட்டுக்காரி வந்து பார்த்து, "ரொம்ப சாதுக் குழந்தை, தொந்தரவே இல்லை" என்று மெச்சிவிட்டுப் போவாள்.

இந்தச் சாதுக் குழந்தைக்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. 'சவலை' என்பது அந்தப் பெயர். ஒரு பிள்ளை முலைப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் கருவுற்று, பால் வற்றி, மடியில் இருந்த பிள்ளை இறங்கிப் போய் வாடுகிறதே, அதுதான் சவலைப் பிள்ளை. யாப்பிலக்கணக்காரர்கள்கூட இந்தச் சொல்லை எடுத்தாண்டிருக்கிறார்கள். வெண்பாவின் இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் போனால் அதற்குச் சவலை வெண்பா என்று பெயர். உரிய இடத்தில் உரியது கிடைக்காமல் போனது என்பதைச் சொல்ல அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்கவில்லை போலும்.

1930-களில் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா நாட்டில்) சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்தார். கைகால் வீங்கி, தலைமயிர் நிறம் மாறி, எதிலும் நாட்டமில்லாமல் கிடந்த பிள்ளைகளை அவர் கண்டார். மருத்துவ நூல்களில் அந்த நோய்க்குச் சரியான பெயர் இல்லை. அந்த ஊர்த் தாய்மாரையே கேட்டார். 'குவாஷியார்கர்' என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். 1935-இல் அவர் எழுதிய கட்டுரையின் வழியாக அந்தப் பெயர் உலக மருத்துவ அகராதியில் ஏறிவிட்டது. அங்கே வீக்கம், இங்கே மெலிவு. நோயின் அடையாளம் வேறாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பாஷைகளில், இரண்டு நாட்டுத் தாய்மார்கள் ஒரே சங்கதியைக் கவனித்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தச் சவலைப் பிள்ளையின் சரித்திரத்தைத்தான் இங்கே கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த ஊர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

பரங்கிப்பேட்டை என்றால் சரித்திர மாணவர்களுக்குச் சண்டைதான் ஞாபகம் வரும். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். போர்த்துக்கேசியர் 'போர்ட்டோ நோவோ' என்றார்கள். புதுத் துறைமுகம் என்று அர்த்தம். முஸ்லிம் வணிகர்கள் 'மஹ்மூது பந்தர்' என்றார்கள். டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து கிடங்கு போட்டார்கள். 1781 ஜூலை 1-ஆம் தேதி இங்கேதான் ஐதர் அலியின் படையை சர் அயர் கூட் எதிர்த்து வென்றார். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்புத் தொழிற்சாலை நடத்தினார். இவ்வளவும் புத்தகங்களில் இருக்கின்றன. இந்தத் துறைமுகத்தில் பிறந்த பிள்ளை என்ன சாப்பிட்டது என்பது மட்டும் இல்லை. அதை இடுக்குகளில் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் இடுக்கு பஞ்சம். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சுக்காரர்கள் துணியோடு மனிதர்களையும் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 1640-களிலும், மறுபடி 1660-ஐ ஒட்டியும், இந்தக் கரையிலிருந்து பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் அடிமைகள் போனார்கள். அவர்களில் பெற்றோரே விற்ற பிள்ளைகளும் உண்டு. விற்றவர்களைக் குறை சொல்லி நாம் எழுதிவிடலாம். ஆனால் கப்பலில் ஏறும் பிள்ளைக்கு ஒரு பிடி அரிசியாவது கிடைக்கும் என்று கணக்குப் போட்ட ஒரு தாயின் மனசை நினைத்துப் பார்த்தால் பேனா ஓடாது.

ஐதர் அலி சண்டையின்போதும் இதே கதைதான். படைகள் நடந்த வழியெல்லாம் பயிர் அழிந்தது, ஏரிகள் உடைந்தன, ஜனங்கள் சென்னைக்கு ஓடினார்கள். 1782-இல் சென்னையில் பஞ்சத்துக்கு ஊற்றிய கஞ்சியிலிருந்து தோன்றியதுதான் மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டிப் பின்னால் வந்த ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் பூர்வ கதை அது. பரங்கிப்பேட்டையில் வெடித்த பீரங்கிக்கும் சென்னையில் வைத்த கஞ்சித் தொட்டிக்கும் இப்படி ஒரு சம்பந்தம் உண்டு.

இரண்டாவது இடுக்கு பரங்கிப்பேட்டையிலிருந்து அதிக தூரமில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்த ராமலிங்க அடிகள், 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் என்று கேட்காமல், சாதி கேட்காமல் சோறு போடுவது அந்தச் சாலையின் தர்மம். பசி என்பது விதியல்ல, நோய். நோய்க்கு மருந்து உண்டு என்று ஒரு ஞானி தென்னாற்காட்டு மண்ணில் நின்று சொன்னது, பின்னால் வந்த எத்தனையோ சர்க்கார் உத்தரவுகளுக்கு முன்னோடி என்றே நான் நினைக்கிறேன்.

பத்தே வருஷத்தில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலி வகுத்தார். சென்னை மாகாணத்துச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். உழைக்கிற உடம்பு ஒரு ராத்தலில் நிற்காது என்பது அவர் வாதம். சில மாதங்களில் அந்தக் கூலி கைவிடப்பட்டது. அதற்குள் பலருக்குக் காலம் கடந்துவிட்டது. பஞ்சம் தீர்ந்த பிறகு பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. வேலை செய்யத் திராணியில்லாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு சட்டமாக ஏறியது.

இந்தச் சரித்திரத்தில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சத்திரமோ, தருமச் சாலையோ, கஞ்சித் தொட்டியோ, எல்லாம் வரிசையில் வந்து நிற்கக் கூடியவனுக்குத்தான் எட்டின. கையில் ஏனம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கஞ்சி விழுந்தது. இடுப்பில் இருந்த பிள்ளைக்கு, அதைச் சுமந்தவளின் பங்கிலிருந்து கிடைத்ததுதான். பஞ்ச காலத்தின் இந்தக் குணம் நல்ல காலத்திலும் மாறவில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

பஞ்சம் எப்போதாவது வருவது. அன்றாடப் பசி வேறு. அதைப் பற்றி முதலில் ஒழுங்காக விசாரித்தவர்களில் ஒருவர் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கச் செய்தார். அவற்றில் ஒன்று தென்னாற்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு. அந்த ஊரைப் பின்னால் 1936, 1961, 1981, 2008 என்று திரும்பத் திரும்பப் போய் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு தமிழ்க் கிராமத்தின் நூறு வருஷ ஜாதகம் அப்படி நமக்குக் கிடைத்திருக்கிறது. 1916-இல் அங்கே நிலம் சிலர் கையில். உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த படியாட்கள். படியாள் என்ற பெயரிலேயே அவன் கூலி அடங்கியிருக்கிறது. படியால் அளந்து கொடுக்கும் தானியம். அந்தப் படியில் பெரியவன் பங்கு இருந்தது. பிள்ளைக்கென்று தனிப் பங்கு கிடையாது.

அதே தென்னாற்காட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வேர்க்கடலை பரவியது. எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. புதுச்சேரியில் கப்பலேறி பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. குடியானவன் கையில் காசு புழங்கியது, நல்லதுதான். ஆனால் பிள்ளைகளை வளர்க்கக்கூடிய நல்ல புரதமும் கொழுப்பும் நம் புஞ்சையில் விளைந்து, நம் பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு கடல் கடந்தது. 1950-இல் மைசூரில் ஏற்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் வி. சுப்பிரமணியனும் சகாக்களும், எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு முக்கால் பங்கு, கடலை மாவு கால் பங்கு சேர்த்து 'பல்நோக்கு உணவு' என்று ஒன்றைத் தயாரித்தார்கள். அதாவது, நாம் அறுபது எழுபது வருஷமாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த பண்டத்தின் பெருமையை விஞ்ஞானம் வந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் முன்னால் குன்னூரில் ஒரு வேடிக்கையான பரிசோதனை நடந்தது. சர் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலி கொழுகொழு என்று வளர்ந்தது. தீட்டிய அரிசிச் சோற்றை முக்கியமாகக் கொண்ட சென்னைச் சாப்பாட்டைத் தின்ற எலி கடைசியில் நின்றது. இதை நம் இனத்துக்கு வந்த இழுக்கு என்று அன்று சிலர் எடுத்துக்கொண்டிருக்கலாம். எலிக்குச் சாதி அபிமானம் கிடையாது. அதற்குப் பின் 1935 முதல் அந்த நிலையத்தை நடத்திய டாக்டர் அய்க்ராய்டு, எலியை விட்டுப் பிள்ளைகளிடம் வந்தார். தென்னிந்தியக் கிராமங்களில் ஜனங்கள் தின்பதை வீடு வீடாக நிறுத்தளந்தார். சாதாரணச் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால்மாவு சேர்த்தால் பள்ளிப் பிள்ளைகள் எடை கூடுகிறார்கள் என்று காட்டினார். ஏழைப் பிள்ளை குட்டையாக இருப்பது அவன் பரம்பரை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. பரம்பரையல்ல, பற்றாக்குறை என்று தராசு சொன்னது.

பள்ளிக்கூடத்தில் சோறு போடும் யோசனை அதற்கும் முந்தியது. 1920-இல் சென்னை நகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார், ஆயிரம்விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று மேலே இருந்தவர்கள் ஆட்சேபித்ததால் 1925-இல் நின்றது. படிப்பு வேறு, சாப்பாடு வேறு என்பது அந்தக் கணக்கதிகாரிகளின் சித்தாந்தம். அதைத் தவறென்று நாட்டுக்கு உணர்த்த இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

1956-இல் காமராஜ் முதல்வராக இருக்கையில், கல்வி டைரக்டர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு, ஊரார் நன்கொடையில் மதிய உணவு எட்டயபுரத்தில் தொடங்கிற்று. பிறகு சர்க்கார் பெரும் பங்கை ஏற்றது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா; அதில் ஆறு பைசா சர்க்காருடையது, மீதி ஊராருடையது. 1961-லிருந்து 'கேர்' என்ற அமெரிக்க நிறுவனம் பால்மாவும் தானிய மாவும் எண்ணெயும் அனுப்பியது. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி ஜில்லா பாப்பாக்குறிச்சியில் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு, இரண்டு வயதிலிருந்து பாலர் மையத்துக்கு வரும் குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தினம் சோறு. கஜானா தாங்குமா என்று கேட்ட பொருளாதார நிபுணர்கள் பலர். அந்தக் கஜானா இன்னும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. வாரம் ஐந்து முட்டை என்ற ஏற்பாடு 2010-இல் வந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் சேர்ந்தது.

நான் சத்துணவு தின்று வளர்ந்த தலைமுறை. ஆகையால் இதைப் பற்றி நடுநிலைமையாக எழுதுவது எனக்குக் கஷ்டம். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் எந்தத் தட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று ஒரே பந்தியில் உட்கார்ந்த பிறகு யாரும் பார்க்கவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று மறுத்த ஊர்களும் உண்டு. இன்றைக்கும் அந்தச் செய்தி எங்கிருந்தாவது வரத்தான் செய்கிறது. சோற்றோடு சாதியும் கலந்தே பரிமாறப்பட்ட நாட்டில், ஒரே அண்டாவிலிருந்து எல்லோருக்கும் போடுவது சத்தைவிடப் பெரிய காரியம்.

எங்கள் வகுப்பில் மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பல நாள் வருவதில்லை. வருகிற நாளில் இடுப்பில் தம்பியோடு வருவாள். தன் தட்டிலிருந்து பிசைந்து அவனுக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். அவன் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை; பருப்பு நீரை மட்டும் சப்புவான். மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றுபோயிற்று. பிற்காலத்தில் போஷாக்குப் பற்றிய அறிக்கைகளைப் படிக்க நேர்ந்தபோதெல்லாம், புள்ளிவிவரத்துக்கு நடுவே அந்த இரண்டு பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள். சர்க்கார் சோறு போட்டது அவளுக்கு. அதிகமாகத் தேவைப்பட்டது அவனுக்கு.

ஏன் அப்படி? டாக்டர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் போதாது. அப்போதிருந்து இரண்டு வயது வரையில்தான் உடம்பும் மூளையும் அதிவேகமாக வளர்கின்றன. அந்தப் பருவத்தில் பின்தங்கிய உயரத்தைப் பிற்பாடு எவ்வளவு சோறு போட்டும் முழுக்க எட்டிப் பிடிக்க முடிவதில்லை. அதே சமயம் பிள்ளையின் வயிறோ சின்னது; ஒரு தம்ளர் கொண்டால் அதிகம். நாம் ஊட்டுவது நீர்த்த கஞ்சி. வயிறு நிறைந்துவிடும்; சக்தி பாதிகூடச் சேராது. ஆகவே ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கெட்டியாக, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேர்த்து ஊட்ட வேண்டும். சேலத்தில் பிறந்து, குன்னூரிலும் ஐதராபாத்திலும் ஆராய்ச்சி செய்து, நூறு வயதுக்கு மேல் வாழ்ந்த டாக்டர் சி. கோபாலன் இதைத்தான் வற்புறுத்தினார். புரதப் பொடிகளைத் தேடி உலகம் ஓடிக்கொண்டிருந்த நாளில், நம் பிள்ளைகளுக்குக் குறைவது வயிறாரச் சோறும் பருப்பும்தான். அது போதுமான அளவு உள்ளே போனால் புரதமும் அதனோடு போய்ச் சேரும் என்று கணக்குக் காட்டினார்.

நாலைந்து தடவை ஊட்டுவது யார்? இங்கேதான் மருத்துவம் முடிந்து சமூகம் ஆரம்பிக்கிறது.

பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் மீன் விற்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். படகு கரைக்கு வரும் நேரத்துக்கு அவள் கரையில் நிற்க வேண்டும். ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸோடு அடுக்கி, சிதம்பரமோ புவனகிரியோ போய், தெருத்தெருவாய்க் கூவி விற்றுவிட்டு வீடு திரும்பப் பிற்பகலாகும். இடையில் பிள்ளை எட்டு வயது அக்காவிடமோ கண் தெரியாத பாட்டியிடமோ இருக்கும். காலையில் வைத்த கஞ்சி மத்தியானம் வரைக்கும் இருக்கும், ஈயும் இருக்கும். வயிற்றுப்போக்கு வரும். வந்தால் 'மாந்தம்' என்பார்கள், 'தோஷம்' என்பார்கள்; இருந்த ஆகாரத்தையும் நிறுத்துவார்கள். ஆண்டில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, கடன் வரும். வேலைக்குப் போனால் பிள்ளைக்கு நேரமில்லை, போகாவிட்டால் சோறில்லை. இந்தத் தராசின் இரண்டு தட்டிலும் பிள்ளையைத்தான் வைத்திருக்கிறோம்.

அவள் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் விவசாயக் கூலிக் குடும்பங்களை ஆராய்ந்தார். புருஷன் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி அவன் சொந்தச் செலவுக்குப் போய்விடுகிறது. மனைவியின் கூலி சிறியதானாலும் ஏறக்குறைய முழுவதும் வீட்டுக்கே வருகிறது என்று அவர் கண்டார். ஆகவே அவள் கூடையை இறக்கி வைத்தால் முதலில் குறைவது பிள்ளையின் சோறுதான்.

நம் ஜனங்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று பேசுகிறவர்களோடும் எனக்குச் சம்மதமில்லை. பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுக்க இந்தக் கரையில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் வைத்த ஜனங்கள் இவர்கள். அதே ஜனங்களிடம் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கமும், பல் முளைத்த பிள்ளைக்கும் மீனும் முட்டையும் செரிக்காது என்ற பயமும் இருந்தன. பழக்கத்தில் பாலும் உண்டு, தண்ணீரும் உண்டு. பிரித்தெடுப்பதற்கு ஓய்வும் படிப்பும் வேண்டும். அவை இரண்டும் கூடைக்காரிக்குக் கிடைக்கவில்லை.

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் போஷாக்கு நிலையை ஒரு பெரிய ஆய்வு அலசியது. சிட்னி கேண்ட்டர் என்பவரின் அமெரிக்க நிறுவனம் நடத்தியது அது. இருக்கிற உணவுத் திட்டங்கள் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை எட்டவில்லை என்பது அதிலிருந்து தெரிந்த முக்கியமான உண்மை. அதன் விளைவாக 1980-இல், உலக வங்கியின் கடனோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை ஜில்லாவில் ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்தினார்கள். எடை போட்டவள் அந்தக் கிராமத்துப் பெண்ணேதான். பிள்ளை அழவேண்டிய அவசியமில்லை. தராசு முள் பேசிற்று. கடுமையான மெலிவு கணிசமாகக் குறைந்தது. பெரிய அண்டாச் சோற்றின் புகழ் இந்தச் சின்னத் தராசுக்குக் கிடைக்கவில்லை. அதில் ஆச்சரியமில்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஊர்வலத்தில் வாழ்த்துக் கோஷம் போடாது. பிற்பாடு அந்த வேலை, 1975-இல் 33 வட்டாரங்களில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்தது.

பணம் வந்தால் மட்டும் சவலை தீர்ந்துவிடுமா? அதற்கும் பரங்கிப்பேட்டையே சாட்சி சொல்லும். இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களில் 'சபுராளி'கள் அதிகம். முதலில் மலேயா, சிங்கப்பூர். பிறகு அரபு நாடுகள். அங்கிருந்து பணமும் வந்தது, டின் பாலும் வந்தது. டின்னில் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்தது. தாய்ப்பால் ஏழை வீட்டுச் சமாசாரம் என்ற எண்ணம் எல்லா மதத்தாரிடமும் மெல்லப் பரவியது. ஆப்பிரிக்காவில் சவலையைக் கண்ட அதே சிசிலி வில்லியம்ஸ்தான் 1939-இல் சிங்கப்பூரில் பேசும்போது, டின் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக விளம்பரம் செய்வதைக் கொலை என்றே சொன்னார். நம் நாட்டில் அந்த விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 1992-இல் வந்தது. ஏழை வீட்டில் அந்த டின் வேறு வேலை செய்தது. விலை தாங்காமல் ஒரு கரண்டிக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் விட்டார்கள். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீரில்லை.

இன்றைய நிலைமை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதுக்கும் எடுத்தால் இது 35-க்கு மேல். நாம் மெச்சிக்கொள்ளலாம். ஆனால் அதே ஆய்வில் இரத்தசோகை உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு 57 பேர்; அதற்கு முந்திய ஆய்வில் 51 பேர்தான். ரேஷனில் அரிசிக்கு விலையில்லை. பள்ளியில் சோறுண்டு, முட்டையுண்டு. இருந்தும் நாலில் ஒரு பிள்ளை குட்டையாக நிற்கிறது. குப்பத்துக் கடையில் ஐந்து ரூபாய்க்குப் பளபளக்கும் பொட்டலம் தொங்குகிறது. அழுகிற பிள்ளைக்கு அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கிறாள். இன்றைய சவலைக்கு வயிறு காலியாக இருக்கவேண்டும் என்றில்லை.

என் அபிப்பிராயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நூற்றைம்பது வருஷமாக நாம் பசியைச் சோற்றுப் பிரச்னையாகவே பார்த்து வந்திருக்கிறோம். அண்டா வைத்தோம், நல்லதே செய்தோம், உலகம் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பசி சோற்றுப் பிரச்னை மட்டுமல்ல. அதன் தாயின் நேரத்தைப் பற்றிய பிரச்னை. பிரசவித்தவள் சில மாதம் கூடை தூக்காமல் இருக்க உதவித்தொகை வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவி அந்த வழியில் வைத்த முதல் அடி. அதற்கு மேல், மீன் ஏலம் நடக்கும் கரைக்குப் பக்கத்திலும், நாற்று நடும் வயலுக்குப் பக்கத்திலும், ஆறு மாதப் பிள்ளையை ஒப்புக்கொண்டு, மணிக்கு மணி கெட்டியாக ஊட்டி, தாய் வரும்வரை வைத்திருக்கும் காப்பகம் வேண்டும். காப்பகம் திறக்கும் நேரம் ஆபீஸ் நேரமாக இருந்தால் பிரயோசனமில்லை. பத்து மணிக்குப் பாதி மீன் விற்றுப் போயிருக்கும். விடியற்காலை நாலு மணிக்குப் படகு வரும். அந்த நேரத்தில் அங்கே ஒரு விளக்கு எரிந்து, ஒரு ஆயா கதவைத் திறந்து, பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்போது அந்த எட்டு வயது அக்கா புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள்.